மூன்றாவது கேமுக்கு முன் கழற்றிய சப்பாத்து

மொன்றியல் பக்கம் புரோசார்டிலும் அஹுன்ட்சிக்கிலும் பேட்மின்டன் பயிற்சி கொடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் என்னைக் கண்டதும் கேட்பது ஒரே கேள்விதான். "நீங்கள் யார் யாரை வென்றிருக்கிறீர்கள்?" பெரிதாக ஒருவரையும் இல்லை என்பதுதான் உண்மையான பதில். இந்தோனேசியாவில் ஒற்றையர் ஆடுகிறவனுக்கு எதிரி வெளிநாட்டில் இல்லை, அடுத்த தெருவில் இருப்பான். நான் மேடான் நகரத்துத் தமிழன். என் பாட்டன் காலத்தில் புகையிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தோனேசிய மொழி, கோர்ட்டில் பேச்சே கிடையாது. மாகாணத்தில் முதல் ஆளாக வந்து, தலைநகரத்துப் பயிற்சி முகாமுக்குப் போய், அங்கே நாலாவது ஐந்தாவது ஆளாகப் பல வருடம் இருந்தவன். வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போயிருக்கிறேன். கால் இறுதி வரை வந்திருக்கிறேன். கோப்பையைத் தூக்கிப் பிடித்த படம் ஒன்றும் என்னிடம் இல்லை.

அதனால் நான் எப்படி வென்றேன் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. எப்படி அடிப்பது, எப்படிக் கால் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கைபேசியில் மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்க்கிறீர்கள். பயிற்சியாளனுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருக்கிறது. அடுத்தவன் உடம்பைப் பற்றி நீங்கள் முடிவெடுக்க வேண்டும், அதுவும் அவசரமாக. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்களில் தமிழ் வாசிக்க வராத பாதிப் பேருக்கு இதை அப்பாவோ அம்மாவோதான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். பரவாயில்லை, அவர்களுக்கும் பொழுது போகட்டும்.

முதலில் என் கதை முடிந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முகாமில் தேர்வுப் போட்டி. வென்றால் அணியில் இடம். மூன்றாவது கேமில் குதிகாலுக்கு மேலே ஒரு இறுக்கம். பக்கத்தில் நின்ற என் பயிற்சியாளரைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே, இன்னும் கொஞ்சந்தான், ஆடு என்றார். கெட்ட மனிதர் அல்ல. எனக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர். இரண்டு பந்து கழித்து யாரோ பின்னாலிருந்து என் காலை உதைத்தார்கள். கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை. குதிநரம்பு அறுந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் திரும்பிப் பார்ப்பார்களாம், மருத்துவர் பிறகு சொன்னார். நடக்கக் கால் வந்தது, ஆடக் கால் வரவில்லை. அத்தோடு என் ஆட்டம் முடிந்தது.

பழைய எதிராளி ஒருவரின் சிபாரிசில், எண்பதுகளின் நடுவில், மொன்றியலில் ஒரு சிறிய கிளப்புக்குப் பயிற்சியாளனாக வந்தேன். என் மனைவி சரோஜாவும் மகளும் கூடவே வந்தார்கள். வந்த முதல் வாரமே நான் என் மரியாதையைக் கெடுத்துக்கொண்டேன். மேடானிலிருந்து நல்ல இறகு ஷட்டில்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்திருந்தேன். எங்கள் ஊரில் வெயில். சூடான காற்றில் ஷட்டில் வேகமாகப் பறக்கும், அதனால் மெதுவாகப் போகும் ஷட்டில்தான் வாங்குவோம். அதை அஹுன்ட்சிக்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், தை மாதக் குளிரில் எடுத்து, உலகத் தரமான ஷட்டில் என்று சொல்லிவிட்டு ஓங்கி அடித்தேன். அது வலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய், களைத்துப்போனதுபோல் விழுந்தது. இன்னொன்று அடித்தேன், அதுவும் அப்படியே. கிளப் ஆட்கள் மரியாதைக்காகச் சிரிக்கவில்லை. பின்னால் இருந்த வாங்குப் பலகையில் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த ஒருவன் மட்டும் சிரித்தான்.

"அண்ணன், அதுக்கும் குளிருது போல" என்றான், தமிழில்.

அவன்தான் அமலதாஸ். மட்டக்களப்புக்காரன். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவன். ஊரில் மாவட்டச் சம்பியனாக இருந்தவன், கலவரத்துக்குப் பிறகு ராக்கெட்டைத் தொடவில்லை. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த ஆயிரம் பேரில் ஒருவன். டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் பாத்திரம் கழுவுவதும், உருளைக்கிழங்கு பொரிப்பதும் அவன் வேலை. மண்டபத்துக்கு வெளியே பேட்மின்டன் படம் ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே வந்திருக்கிறான். நான் தமிழன் என்று அவனுக்குத் தெரியாது. ஷட்டில் விழுந்த ஆத்திரத்தில் நான் தமிழில் என்னையே திட்டிக்கொண்டதைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தான்.

என் தமிழைக் கேட்டால் அவனுக்கும் அவன் கூடத் தங்கியிருந்தவர்களுக்கும் சிரிப்பு. இந்தியப் படத்தில் வரும் தமிழும் இல்லை, அவர்கள் தமிழும் இல்லை. எனக்கு "மேடான் அண்ணன்" என்று பெயர் வைத்தார்கள். அவனோடு ஒரே வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்துக் குகன் "மேடான் அண்ணை" என்பான். ஊருக்கு ஊர் ஒரு எழுத்து மாறும், கிண்டல் மட்டும் மாறாது.

அமலதாஸ் நல்ல ஆட்டக்காரன். அவனைப்போல் வலைக்குப் பக்கத்தில் மென்மையாக வைக்கிறவர்களை நான் முகாமில்கூட அதிகம் பார்க்கவில்லை. மூச்சு மட்டும் குறைவு. காலையில் மண்டபத்தில் ஆடிவிட்டு, மெட்ரோவைப் பிடித்துப் பின்னேர வேலைக்கு ஓடுவான். ஓடி ஓடியே அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் மூச்சையும் பிடித்துவிட்டான்.

அந்த மாசியில்தான் கிளப் நிர்வாகத்துக்கு என்மேல் சந்தேகம் வந்தது. பயிற்சி முடிந்ததும் மண்டபத்து வாங்கிலேயே கூட்டம் போட்டார்கள், பிரெஞ்சில். நானும் அமலதாஸும் வலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம். எனக்கு bonjour, merci தவிர வேறு பிரெஞ்சு தெரியாது. கூட்டம் கலைந்த பிறகு கிளப் செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். நேர்மையான பெண்மணி, எதையும் சுற்றி வளைக்காதவர். மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். இவ்வளவு தூரத்திலிருந்து ஆளைக் கூப்பிட்டதற்கு நிர்வாகம் ஒரு பலனைக் காண விரும்புகிறது. வசந்தத்தில் நடக்கும் நகரப் போட்டியில் நம் கிளப்பிலிருந்து யாராவது ஆண்கள் ஒற்றையர் இறுதிக்கு வந்தால் ஒப்பந்தம் தொடரும், இல்லாவிட்டால் முடியும். என் வேலை அனுமதி அந்த ஒப்பந்தத்தோடு கட்டியது. ஒப்பந்தம் போனால் நாங்கள் மூன்று பேரும் விமானம் ஏற வேண்டும்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் சொன்னேன். மகள் அப்போதுதான் garderie என்கிற குழந்தைக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கி, பிரெஞ்சில் எண்ணப் பழகியிருந்தாள்.

"திரும்பிப் போகணும்னா முன்னாடியே சொல்லிடுங்க" என்றாள் சரோஜா. "இவ ஒரு ஊர்ல பேசப் பழகி முடிக்கட்டும், பாவம்."

மேடானில் எனக்குக் காத்திருந்தது என் அண்ணனின் துணிக்கடை. அதில் குறை இல்லை. ஆனால் எனக்குத் துணி தெரியாது, பேட்மின்டன்தான் தெரியும். காலும் போய், இதுவும் போய், கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இறுதிக்கு வரக்கூடிய ஆள் கிளப்பில் ஒருவன்தான் இருந்தான். அவனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோர்ட்டில் நிற்கிறவன் தலையில் அடுத்தவன் பாரத்தை ஏற்றக் கூடாது என்பது என் கொள்கை. என் பயிற்சியாளரின் ஆசை என் காலில் வந்து விடிந்ததைப் பார்த்தவன் நான். அதனால் வாயைக் கட்டிக்கொண்டேன். அப்படிக் கட்டிக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

போட்டி ஒரு சனி ஞாயிறு. சனிக்கிழமை அமலதாஸ் எல்லாரையும் வென்றான். ஞாயிறு காலை அரையிறுதி. எதிராளி ஒரு பல்கலைக்கழக மாணவன். நீளமான கால், நல்ல அடி, பொறுமை கொஞ்சம் மட்டு. முதல் கேம் அமலதாஸுக்கு. இரண்டாவது கேமின் நடுவில் அவன் ஓட்டத்தில் ஏதோ மாறியது. வலது காலை ஊன்றாமல் தொட்டுத் தொட்டு எடுத்தான். முன்னால் போகவேண்டிய பந்துகளுக்குப் போகவில்லை. மாணவன் அதைக் கண்டுபிடித்துவிட்டு மூலைக்கு மூலை விரட்டினான். இரண்டாவது கேம் போயிற்று.

அந்தக் காலத்தில் ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளன் வாயைத் திறக்கக் கூடாது. மூன்றாவது கேமுக்கு முன் உள்ள ஐந்து நிமிட இடைவேளையில்தான் பேசலாம். எல்லாப் புத்திசாலித்தனத்தையும் அதற்குள் காட்டியாக வேண்டும்.

அவன் நொண்டிக்கொண்டு வந்து வாங்கில் உட்கார்ந்தான். நான் அவன் காலைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது என் கால்தான். அதே இறுக்கம், அதே மூன்றாவது கேம். இப்போது கண்ணாலே ஆடு என்று சொல்லக்கூடிய இடத்தில் நான் நின்றேன். ஆடு என்றால், என் வேலைக்காக ஒருவன் காலை அறுக்கிறேன். நிறுத்து என்றால், அவனுக்காகவா நிறுத்துகிறேன், என் பழைய பயத்துக்காகவா? எந்தப் பக்கம் போனாலும் அதில் நான்தான் இருந்தேன். உண்மையாகச் சொன்னால், அப்போது எனக்கு யோசிக்கவே வரவில்லை.

"நடுவர்கிட்ட சொல்லிடறேன். நிறுத்திக்கலாம்" என்றேன்.

"ஏன் அண்ணன்?"

"உன் குதிநரம்பு போகப்போகுது. எனக்குத் தெரியும். எனக்கு இப்படித்தான் ஆச்சு."

"உங்களுக்கு ஆச்சு" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னான். "இது உங்கட கால் இல்ல அண்ணன். என்ட கால்."

கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் சரியான காரியம் ஒன்றைச் செய்தேன்.

"அப்போ சப்பாத்தைக் கழட்டு. பார்க்கிறேன்."

அவன் கழற்ற மாட்டேன் என்றான். நான் குனிந்து நாடாவை அவிழ்த்தேன். காலுறை பாதத்தின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி மெல்ல உரித்தால், உள்ளே வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது. அதற்குக் கீழே கொப்புளம் உடைந்து, தோல் விலகி, சிவந்த சதை. குதிநரம்பில் ஒரு குறையும் இல்லை.

"என்னடா இது?"

"எண்ணெய். வியாழக்கிழமை பொரிக்கிற சட்டியில இருந்து தெறிச்சது."

"இந்த வெள்ளை?"

"பற்பசை. வீட்டுல பூசினாங்க. குளிர்ச்சி எண்டு."

எரிகாயத்துக்குப் பற்பசை பூசும் வைத்தியத்தை நம் ஆட்களைத் தவிர வேறு யாராவது செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. மேடானிலும் பூசுவார்கள், நானே பூசியிருக்கிறேன். அது காய்ந்து ஓடுபோல் இறுகி, ஒவ்வொரு அடிக்கும் தோலை இழுத்திருக்கிறது. நொண்டலில் பாதி எண்ணெயால், பாதி பற்பசையால்.

தம்பிமாரே, இங்கே நில்லுங்கள். நோவு வேறு, ஊனம் வேறு. அறுந்த நரம்போடு ஆடச் சொல்வது கொலை. எரிந்த தோலோடு ஆடுவதா வேண்டாமா என்பதை அந்தத் தோலுக்குச் சொந்தக்காரன் சொல்லலாம். இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நொண்டல்தான். நான் என் காலை அவன் காலில் பார்த்துவிட்டு, அதை வைத்துத் தீர்ப்பும் எழுதிவிட்டேன். சப்பாத்தைக் கழற்றியிருக்காவிட்டால் அந்தத் தீர்ப்போடுதான் நடுவரிடம் போயிருப்பேன்.

முதலுதவிக்காரர் ஓடிவந்து கழுவி, மருந்துத் துணி வைத்துக் கட்டினார். ஆடலாமா என்று கேட்டேன். நோகும், நாளைக்கு வீங்கும், ஆனால் கால் உடையாது என்றார். அமலதாஸ் என்னைப் பார்த்தான்.

"ஆடுறியா?" என்றேன்.

"ஓம்."

"அப்போ ஓடாதே. இனிமே மூலைக்கு ஒண்ணும் போடாதே. எல்லாத்தையும் நடுவில போடு, பின்னால, நடுவில. நீ மூலைக்குப் போட்டா அவன் உன்னை மூலைக்கு விரட்டுவான். நடுவில நின்னு அடிக்கிறவனுக்கு உன்னை விரட்ட வழி குறைவு."

"அது கிழவன்மார் ஆடுற ஆட்டமே அண்ணன்."

"இன்னைக்கு நீ கிழவன்தான்" என்றேன். சப்பாத்துக்குள் காலை விட்டான். முகம் ஒருதரம் சுருங்கியது. எழுந்து போனான்.

அந்த மூன்றாவது கேமைப் பார்த்தவர்கள் யாரும் அதை அழகு என்று சொல்லமாட்டார்கள். ஷட்டில் நடுவுக்கும் நடுவுக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. அந்தக் கால விதிப்படி சர்வீஸ் போடுகிறவனுக்குத்தான் புள்ளி. சர்வீஸ் கைமாறிக்கொண்டே இருக்கும், புள்ளி ஏறாது. மண்டபத்தில் ஒருவர் கொட்டாவி விட்டதை நான் பார்த்தேன். மாணவனுக்குத்தான் பொறுக்கவில்லை. நொண்டுகிறவனை இன்னும் முடிக்கவில்லையே என்று அவசரப்பட்டான். கோட்டைக் குறிவைத்து அடிக்கத் தொடங்கினான். கோட்டைக் குறிவைக்கிறவன் கோட்டுக்கு வெளியேயும் போடுவான். கடைசிப் புள்ளியும் அப்படித்தான் வந்தது, ஒரு விரற்கடை வெளியே. அமலதாஸ் கையைத் தூக்கவில்லை, குதிக்கவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

செயலாளர் எட்டத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் பதிலுக்குத் தலையசைத்தேன். சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷம் ஒருவனுடைய வெந்த காலில் ஏறி வந்தது என்பதும் தெரிந்ததால், நேராக நின்று சந்தோஷப்பட முடியவில்லை.

மத்தியானம் இறுதிப் போட்டி. நான் ஒரு வாக்குவாதத்துக்குத் தயாராக இருந்தேன். முதல் கேமின் தொடக்கத்திலேயே கட்டு நனைந்து காலுறைவரை சிவந்துவிட்டது. இவனை எப்படி நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, அமலதாஸ் தானாகவே நடுவரிடம் போனான். கையைக் காட்டினான், எதிராளிக்குக் கை கொடுத்தான், வந்து உட்கார்ந்தான்.

"போதும் அண்ணன்" என்றான்.

காலையில் என் கால் என் கால் என்று என்னோடு மல்லுக்கட்டியவன் மத்தியானம் கோப்பையை இப்படி விட்டுக்கொடுத்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நோவு கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து செயலாளர் ஒப்பந்தத்தைத் தொடர்வதாகச் சொன்னார். அன்றைக்கே அமலதாஸைப் பார்க்கப் போனேன். கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கிடந்தான். காயத்தில் சீழ் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, காலை ஊன்றக் கூடாது என்றிருக்கிறார்கள். குகன் தன் வேலையிலிருந்து வந்த கையோடு திரும்பவும் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க போற?" என்றேன்.

"இவன்ர வேலைக்கு" என்றான் குகன். "ஆள் போகாட்டி அங்க வேற ஆளைப் பிடிச்சுப்போடுவினம். பேந்து இவனுக்கு இடம் இல்லை."

அந்த வருடங்களில் குசினி வேலை செய்த நம் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் படுத்தால் அவன் வீட்டில் இருக்கும் இன்னொருவன் அவன் இடத்தில் போய் நிற்பான். சம்பளம் படுத்தவனுக்குப் போகும். முதலாளிக்குப் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் ஒரு ஆள் நின்றால் போதும். தலைமைச் சமையற்காரருக்கு இவர்கள் எல்லாரும் "மொன் அமி"தான், என் நண்பனே என்று அர்த்தம்; பெயர் கேட்டதே இல்லை. ஆனால் குகனுக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. நேற்றும் அவன்தான் நின்றிருக்கிறான்.

"நான் போறேன்" என்றேன்.

குகன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீங்களோ அண்ணை? பாத்திரம் கழுவியிருக்கிறியளோ?"

"கழுவியிருக்கேன்."

"வீட்டிலயோ?"

"வீட்டில."

"அது கணக்கில்லை" என்றான். ஆனாலும் ஏப்ரனை எடுத்து என் கையில் கொடுத்தான்.

என் வேலை அனுமதியில் கிளப்பைத் தவிர வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று எழுதியிருந்தது. தெரிந்துதான் போனேன். இதை உங்களுக்குச் செய்யச் சொல்லி எழுதவில்லை. சரோஜாவும் அன்றைக்கு என்னை நல்லாத் திட்டினாள். திட்டிவிட்டு, கை வெடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியும் விட்டாள்.

அவன் கால் ஆறும் வரை, காலையில் மண்டபத்தில் பயிற்சி, பின்னேரம் டவுன்டவுனில் தொட்டி. குசினித் தரை எப்போதும் ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு. பொரிக்கும் சட்டி நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கூடையைத் தூக்கும்போதெல்லாம் எண்ணெய் தெறிக்கும், எல்லாரும் பழக்கத்தில் ஒரு அடி பின்னால் போவார்கள். அந்த ஒரு அடிக்கு அவன் ஒருநாள் பிந்தியிருக்கிறான். பிந்திய காலோடு வந்து மூன்று கேம் ஆடியிருக்கிறான். முதல் நாள் அங்கே நின்று தட்டுகளைக் கழுவும்போது எனக்குக் கண் கலங்கியது. ஆவி பட்டது என்று சமையற்காரருக்குச் சைகை காட்டினேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன்.

கால் ஆறியதும் அமலதாஸ் வேலைக்குப் போனான். முதல் நாள் முடிந்து மறுநாள் காலை மண்டபத்துக்கு வந்து, என் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தான்.

"அண்ணன், உங்களப் பத்தி எங்கட சமையற்காரர் சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"இனிமே அந்த ஆள அனுப்பாத எண்டார். நல்ல மனுசனாம், ஆனா சரியான மெதுவாம்."

நான் நன்றாகச் சிரித்தேன். சிரித்த துணிச்சலில், இனியும் இவனிடம் மறைக்கக் கூடாது என்று தோன்றியது.

"அமலதாஸ், உனக்கு ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் போட்டியில யாராவது இறுதிக்கு வந்தாத்தான் எனக்கு இங்க வேலைன்னு..."

"தெரியும் அண்ணன்."

"என்ன தெரியும்?"

"இறுதிக்கு வந்தாக் காணும், வெல்லத் தேவையில்ல. இல்லாட்டி உங்கட ஒப்பந்தம் முடிஞ்சுது. மாசியில அவங்க இந்த வாங்கில இருந்து கதைச்சது எல்லாம் எனக்கு விளங்கினது. குசினியில நாங்க பிரெஞ்சிலதான் பேச்சு வாங்குறது."

காலையில் அவன் ஏன் விட மறுத்தான், மத்தியானம் ஏன் தானாக விட்டான் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கியது. அவனுக்குக் கோப்பை வேண்டியிருக்கவில்லை.

"தெரிஞ்சா ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன நிப்பாட்டியிருப்பீங்க. ரோசக்காரர்தானே நீங்க."

உண்மை. அது எனக்காக என்று தெரிந்திருந்தால், அவன் காலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் நிறுத்தியிருப்பேன்.

"உன் கால் போயிருந்தா?" என்றேன். "உன் வேலை போயிருந்தா? எனக்காக எதுக்குடா?"

அவன் சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்.

"இப்ப எங்கட ஆக்கள ஒருத்தரையும் இவங்க திருப்பி அனுப்புறது இல்ல அண்ணன். உங்களத்தான் அனுப்பியிருப்பாங்க."

தன் ஊருக்குத் திரும்ப முடியாதவன் சொன்ன பேச்சு அது. மேடானில் எனக்குக் கடை இருந்தது, வீடு இருந்தது, ஒருவரும் என்னைத் துரத்தவில்லை. ஆனாலும் ஒருவனைத் திருப்பி அனுப்புவது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. அதை எனக்கு வரவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறான். நான் அவன் தலையில் பாரம் ஏற்றவில்லை என்று மாசியிலிருந்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவன் மாசியிலிருந்து அதைச் சுமந்துகொண்டிருந்தான்.

அதன் பிறகு நான் பயிற்சி கொடுத்த எல்லாரிடமும் போட்டிக்கு முன்பே சொல்லிவிடுவேன்: இதில் எனக்கு இன்னது வேண்டும், இன்னது போகும், இனி உன் காலைப் பற்றி நீ சொல்லு. நீங்களும் சொல்லிவிடுங்கள். எப்படியும் அவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கும்.